போடியாரின் எட்டாம் நாள்

போடியார் ஒரு வெள்ளிக்கிழமை விடியப்புறம் காலமானார். வயது பதின்மூன்று. குசினி வாசற்படியில், தலை குசினிக்குள்ளும் வால் முன்னறைக்குள்ளுமாக, எத்தனையோ வருடம் உத்தியோகம் பார்த்த அதே இடத்தில் நீட்டிப் படுத்திருந்தார். முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. முதல் நாள் இரவு மணலை மீனின் தலை சாப்பிட்டிருந்தார்.

வயல் வட்டையில் நிறையக் காணி வைத்துக்கொண்டு, தான் குனியாமல் மற்றவர்களைக் குனிய வைக்கிற பெரிய மனிதரைத்தான் மட்டக்களப்பில் போடியார் என்பது. இவரிடம் காணி இருக்கவில்லை. மற்றத் தகுதி எல்லாம் இருந்தது. குட்டியாக இருந்த காலத்திலேயே நெல்மூட்டையின் மேல் ஏறிக் குந்திக்கொண்டு, கீழே வீட்டுக்காரி சீதேவி நெல் புடைப்பதை அரைக் கண்ணால் மேற்பார்வை செய்வார். பேர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. சாம்பல் நிற முதுகு, வெள்ளை வயிறு, ஏதோ ஒரு சண்டையில் பாதி போன இடது காது. குடி, அதாவது குலவழி, என்று பார்த்தாலும் குறை சொல்ல இடமில்லை. மட்டக்களப்பில் குடி தாய் வழியாக வருவது. போடியாரின் தாய், வாவிக்கரையில் வலை பொத்துகிறவர்கள் வீட்டு வெள்ளைப் பூனை என்பது ஆரையம்பதி ஊர் முழுக்கத் தெரிந்த விசயம். தகப்பன் யார் என்ற கேள்வி குடிக் கணக்கில் வராது. ஆகவே நல்ல இடத்துப் பிள்ளை.

அடக்கம் செய்தது சீதேவியின் மருமகன் வினாயகமூர்த்தி. தன்னுடைய பழைய சாரம் ஒன்றில் சுற்றி, வீட்டு வளவின் மூலையில் தேசிக்காய் மரத்தடியில் குழி வெட்டி இறக்கினான். மாமியார் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். மண்ணை மூடி, மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டிவிட்டு அவன் நிமிர்ந்தான். நாய் தோண்டாமல் மேலே ஒரு கல் வைக்கட்டுமா என்று கேட்க வேண்டியிருந்தது.

"போடியார்..." என்று வழக்கம்போலத் தொடங்கினான்.

அதோடு நின்றுவிட்டான். யன்னலுக்குப் பின்னாலும் ஒரு வாய் திறந்து, பிறகு மூடியது. ஏழு வருடத்தில் முதல் தடவையாக அந்த இரண்டு பேருக்கும் கதைக்க ஆள் இல்லாமல் போயிற்று.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லத்தான் வேண்டும்.

வினாயகமூர்த்தி வாவிக்கு அந்தப் பக்கம், மண்டூர்ப் பெடியன். ஐம்பத்தாறாம் ஆண்டு கல்யாணம் முடித்து, இந்தப் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டுக்கு வந்தவன். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை ஒரு தகரப் பெட்டியோடும் சைக்கிளோடும் வந்து சேருவார். அப்படி வந்து சேருகிறவருக்கு முன்னால் மாமியார் நேரே நின்று கதைப்பது முறையில்லை. தலையில் சேலையைப் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்ல வேண்டும். மகள் அதைப் புருசனிடம் சொல்ல வேண்டும். புருசன் சொல்வதை மகள் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். இடையில் உள்ள தூரம் நாலு முழம். ஊரில் பாதி வீட்டில் இப்படித்தான் நடந்தது, நன்றாகவும் நடந்தது. ஒரே ஒரு நிபந்தனை, மகள் வீட்டில் இருக்க வேண்டும்.

மகள் புஸ்பம் ரீச்சர். கல்யாணம் முடிந்து ஒரு மாதம் ஆகவில்லை, அவளை வாகரைக்கு மாற்றிவிட்டார்கள். வாகரைக்குப் போக இரண்டு பஸ் ஏறி, பனிச்சங்கேணியில் இறங்கி, பாதை என்று சொல்லுகிற மிதவையில் ஆறு கடந்து, அந்தக் கரையில் வண்டி ஏதும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பொழுதுபடுகிற நேரம் வருவாள். ஞாயிறு விடியப் போய்விடுவாள். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் இரண்டே பேர். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் கதைக்கக் கூடாத ஆட்கள்.

வினாயகமூர்த்திக்கு வேலை, பட்டினத்துத் தபால் கந்தோரில் தந்திப் பகுதி. ஊராரின் பிறப்பையும் சாவையும் ஏழெட்டுச் சொல்லில் அடக்கி, தட்டித் தட்டிக் கொழும்பு வரைக்கும் அனுப்புகிறவன். வீட்டுக்கு வந்தால் முன்னறையில் இருந்து குசினிக்கு ஒரு சொல் அனுப்ப வழியில்லை. முதல் திங்கட்கிழமை பின்னேரம் சைக்கிளை நிறுத்திவிட்டு, சாப்பிடப் போகலாமா கூடாதா என்று தெரியாமல் கதிரையில் குந்திக்கொண்டிருந்தான். குசினியில் சட்டி மூடி ஒரு தடவை சத்தம் போட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. மூன்றாம் தடவை சத்தம் போடவில்லை. அதற்குப் பதிலாக ஒரு குரல் வந்தது:

"போடியார், ஆணம் ஆறுது. வந்தவங்க வந்து சாப்பிட்டாத்தானே மத்தவங்களும் சாப்பிடலாம்."

குழம்பு ஆறினால் தனக்கென்ன என்பதுபோல, வாசற்படியில் படுத்திருந்த பூனை ஒரு காதை ஆட்டியது. வினாயகமூர்த்தி யோசித்தான். தந்தி வந்தால் பதில் அனுப்ப வேண்டும்.

"போடியார், மாமிட்டச் சொல்லுங்க, கால் கழுவிட்டு வாறன் எண்டு."

அன்றிலிருந்து போடியாருக்கு உத்தியோகம் நிரந்தரமாயிற்று.

அவர் செய்ததெல்லாம் வாசற்படியில் படுத்திருந்ததுதான். ஆனால் அந்தப் படியில் படுத்திருக்க வேறு யாராலும் ஏலாது. மாமி சொல்வதற்கெல்லாம் அவர் முகம் கொடுத்தார். மருமகன் சொல்வதற்கும் அதே முகத்தைக் கொடுத்தார். யார் பக்கமும் சாயவில்லை. சொன்னதில் ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, வெளியில் கொண்டுபோய் விற்கவும் இல்லை. சம்பளம் தினமும் ஒரு மீன் தலை.

வினாயகமூர்த்தி கிணற்றடியில் ஒளித்துச் சுருட்டுப் பத்துவான். ஒரு நாள் குசினியில் இருந்து குரல் வந்தது. "போடியார், கிணத்தடிப் பக்கம் சுருட்டு நாறுது. இந்த வயசில உங்களுக்கு என்னத்துக்கு இந்தப் பழக்கம்? நெஞ்சில சளி கட்டும்."

"போடியார் இனி நாளைக்கு ஒண்டுதான் பத்துவாராம், மாமி" என்றான் அவன், பூனையைப் பார்த்துக்கொண்டு.

"ஒண்டெண்டா ஒண்டு. ஒண்டரை எண்டு ஆக்கப்படாது, போடியார்."

அடுத்த மாரியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. கொத்தமல்லி அவித்த தண்ணீர் வாசற்படிக்கு வந்து சேர்ந்தது. "போடியார், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடியுங்க. நேத்து யன்னலுக்குள்ளால ஊத்தினது எனக்குத் தெரியும்." போடியார் மணந்து பார்த்து, தும்மி, எழுந்து போய்விட்டார். கடமை என்று ஒன்று இருக்கிறதே, வினாயகமூர்த்தி குடித்தான்.

பற்றறியில் ஓடுகிற றேடியோ ஒன்று வாங்கி வந்த கிழமை, "போடியார், அந்தப் பெட்டிக்குள்ள கத்துறவனுக்குத் தொண்டை நோகாதா?" என்ற கேள்வி மூன்று நாள் வந்தது. ஒரு மாதம் கழித்து, அவன் கந்தோருக்குப் புறப்படுகிற நேரம், "போடியார், மத்தியானம் பாட்டுப் போகுமாம். எந்தக் குமிழைத் திருப்பிறதெண்டு ஆரும் சொல்லித் தந்தாத்தானே" என்று வந்தது. போடியாருக்குக் குமிழைக் காட்டிக் கொடுத்துவிட்டுத்தான் அவன் சைக்கிளில் ஏறினான்.

இதெல்லாம் சிரிக்கிற விசயம். சிரிக்க முடியாத நாளும் ஒன்று இருந்தது. மூன்றாம் வருடம் புஸ்பத்துக்குப் பிறந்த பிள்ளை கண் திறக்காமலே போயிற்று. புஸ்பம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவன் பட்டப்பகலில் வீட்டுக்கு வந்து, முன்னறைச் சுவரில் சாய்ந்து நிலத்தில் குந்திவிட்டான். குசினிக்குள் சட்டி முட்டிச் சத்தம் ஒன்றுமில்லை. நெடுநேரத்துக்குப் பிறகு மாமியின் குரல், வழக்கத்தைவிடப் பதிந்து வந்தது.

"போடியார், அவர் அழுதா அழட்டும். ஆம்பிளை அழப்படாதெண்டு இந்த வீட்டில நான் சொன்னதே இல்ல."

பூனை எழுந்து போய் அவன் மடியில் ஏறிப் படுத்தது. அதை யாரும் சொல்லி அனுப்பவில்லை. அதுவாகப் போனது.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை கடிதம். சீதேவிக்கு வாசிக்கத் தெரியாது. புஸ்பத்தின் கடிதம் வந்தால் வினாயகமூர்த்தி வாசற்படிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, போடியாருக்கு உரத்து வாசித்துக் காட்டுவான். குசினிக்குள் விறகு எரிகிற சத்தம்கூடக் குறையும். தனக்கென்று எழுதிய இடம் வந்தால் தாண்டிவிடுவான். வாசித்து முடிய, "போடியார், எழுதினது ரெண்டு பக்கம், வாசிச்சது ஒரு பக்கம்" என்று உள்ளே இருந்து ஒரு கணக்கு வரும். அவனுக்குக் காது சிவக்கும்.

இப்படிப்பட்ட ஒருவர்தான் தேசிக்காய் மரத்தடியில் கிடந்தார்.

புஸ்பத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று நினைத்து, கந்தோரில் தந்திப் படிவத்தைக் கையில் எடுத்தான். 'போடியார் காலமானார்' என்று எழுதியதும் தொழில் புத்தி குறுக்கே வந்தது. இந்த இரண்டு சொல் கம்பியில் போனால், வாகரைக்குப் போய்ச் சேருவதற்கு முன் இடையில் உள்ள கந்தோர் எல்லாம் எந்தப் போடியார் என்று கேட்கும். பின்னேரத்துக்குள் நாலு ஊரில் இருந்து வண்டில் கட்டிக்கொண்டு ஆட்கள் வந்துவிடுவார்கள். படிவத்தைக் கிழித்தான். எப்படியும் வருகிற வெள்ளிக்கிழமை மாதக் கடைசி. வரத்தானே போகிறாள்.

சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கும். அவன் சாப்பிட்டுச் சோற்றுக் கோப்பையைக் கழுவி வைப்பான். சட்டி மூடி ஒரு தடவை சத்தம் போட்டால் வா என்று அர்த்தமா, போ என்று அர்த்தமா என்று தெரியாது. செவ்வாய்க்கிழமை கறிக்கு உப்புப் போடவில்லை. சொல்லலாமா? யாரிடம் சொல்வது? உப்பில்லாமலே தின்றான். அடுத்த நாள் உப்பு இரண்டு மடங்கு. மாமி ருசி பார்த்துக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அதையும் தின்றான்.

புதன்கிழமை கடிதம் வந்தது. கந்தோரிலேயே பிரித்து வாசித்தான்.

'அன்புள்ள மச்சானுக்கு, இங்கே உப தபால் கந்தோரில் ஓரிடம் காலியாகிறது. தந்தி தெரிந்த ஆள்தான் வேண்டுமாம். நீங்கள் வந்தால் இரண்டு அறையுள்ள வீடும் தருவார்கள். விண்ணப்பம் திங்கட்கிழமைக்குள் போக வேண்டும். அம்மா கல்லடியில் பெரியம்மா வீட்டில் போய் இருக்கலாம். ஒன்றும் நினைக்க மாட்டா. உண்மையைச் சொன்னால் அவவுக்கும் ஆறுதலாகத்தான் இருக்கும். ஏழு வருடமாக ஓர் அந்நிய ஆம்பிளையை வீட்டில் வைத்துக்கொண்டு, தலைச் சேலையை எடுக்காமல், கதவுக்குப் பின்னால் நின்றே அவவின் காலம் போகிறது, பாவம். வெள்ளிக்கிழமை வரும்போது முடிவைச் சொல்லுங்கள்.'

பெண்சாதியோடு ஒரே வீட்டில் இருக்கலாம் என்பது ஏழு வருடமாக அவன் கும்பிட்ட கும்பிடு. சந்தோசம் வரத்தான் செய்தது. ஆனால் 'அந்நிய ஆம்பிளை' என்ற இடத்தில் கண் போய்ப் போய் நின்றது. கொத்தமல்லித் தண்ணியும், சுருட்டுக் கணக்கும், அழுதா அழட்டும் என்றதும் யாருக்கு? தனக்கு என்றுதான் அவன் இவ்வளவு காலமும் எடுத்துக்கொண்டிருந்தான். ஒருவேளை அதெல்லாம் உண்மையிலேயே பூனைக்குத்தானோ? பூனை போன பிறகு அந்தக் குசினியில் இருந்து தனக்கென்று ஒரு சொல்லும் வரவில்லையே. மாமிக்குத் தான் வேண்டுமா, இல்லை, தொலைந்தால் போதுமா? அதைத் தெரியாமல் வெள்ளிக்கிழமை புஸ்பத்துக்கு என்ன முடிவைச் சொல்வது?

கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பை மெல்லியது, கடித உறை நீலம். கதவு இடுக்கில் நின்றவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவன் கதிரையை வாசற்படிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டான். வெறும் படி. அதைப் பார்த்து வாசிக்க வாய் வரவில்லை. கதிரையைத் திருப்பி இழுத்தான். குசினிக்குள் விறகுச் சத்தம் நெடுநேரம் குறைந்தே இருந்தது.

வியாழக்கிழமை காலை, காத்தான்குடி றோட்டில் அசனார் எதிர்ப்பட்டார். சைக்கிள் பின்னால் மீன் பெட்டி கட்டிக்கொண்டு ஊரெல்லாம் விற்கிறவர். போடியாரின் மீன் தலை இவர் கையால் போனதுதான்.

"மூர்த்தி சேர்! போடியார் மவுத்தாப் போயிட்டாரெண்டு கேட்டு என்ட கைகால் ஓடல்ல சேர். வாடிக்கை எண்டா அவரல்லவா வாடிக்கை. ஒரு நாள் நாறல் மீன் குடுத்து அவரை ஏமாத்த ஏலுமா?"

"ஓம், அசனார்." வினாயகமூர்த்தி கொஞ்சம் தயங்கினான். "வாகரைப் பக்கம் மீன் எப்படி?"

அவன் கேட்டது அவ்வளவுதான். ஆனால் அசனார் சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோகிற சாதி இல்லை. ஆரையம்பதிக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் கேள்வி குட்டி போட்டு வளர்ந்துவிட்டது. போதாக்குறைக்கு மீன் பெட்டிக்குப் பக்கத்தில் ஓலைப் பை ஒன்றில் உண்மையான குட்டி ஒன்றும் இருந்தது. மஞ்சள் நிறம், பிறந்து ஆறு கிழமை.

"சீதேவியக்கா, இந்தாங்க, போடியாருக்குப் பதில் ஆள்."

சீதேவி குட்டியைப் பார்த்தார். குட்டி முழுத் தொண்டையையும் திறந்து கத்தியது.

"சாவுத் துடக்கு முடியல்ல, அதுக்குள்ள பதவிக்கு ஆள் கொண்டு வந்திட்டியா? நாளைக்குத்தான் எட்டு. அதோட இந்தக் குஞ்சுக்கு இன்னும் பால்குடி மறக்கல்ல. இதுகிட்ட என்னத்தச் சொல்லி என்னத்தக் கேக்கிறது? கொண்டு போ."

"நீங்க மட்டும் இரிக்கப்போற வீட்டில ஒரு துணையெண்டு பாத்தன்கா."

"என்னடா சொல்லுறாய்?"

"சேர் வாகரைக்குப் போறாராமே! வீடெல்லாம் பாத்தாச்சாம். மீன் என்ன விலை போகுதெண்டுகூட விசாரிச்சிட்டார். உங்களிட்டச் சொல்லல்லியா?"

பின்னேரம் வினாயகமூர்த்தி வந்தபோது முன்னறை நடுவில் அவனுடைய தகரப் பெட்டி இருந்தது. ஏழு வருடம் பரணில் கிடந்த பெட்டி. தூசு துடைத்து, துரு விழுந்த இடத்தில் எண்ணெய் பூசி, பக்கத்தில் அவன் சாரமும் சட்டையும் தோய்த்து மடித்து அடுக்கியிருந்தது. அதன் மேல் சுருட்டுக் கட்டு.

அவன் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றான். தந்தி வாசிக்கிறவனுக்கு இதைவிடத் தெளிவான தந்தி வேண்டுமா? போய்த் தொலை என்றுதான் அவன் வாசித்தான். சாப்பிடாமல் படுத்தான்.

குசினிக்குள் அவனுக்கு வைத்த சோற்றைப் பார்த்துக்கொண்டு சீதேவி என்ன நினைத்தார் என்று சொல்ல நம்மிடம் ஆள் இல்லை. அவரும் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டான். புஸ்பம் வருவதற்கு முன் முடிவை எடுத்துவிடலாம், முடிந்தால் பெட்டியையும் அடுக்கிவிடலாம் என்ற எண்ணம். உச்சி வெயிலில் வீட்டுக்குள் நுழைந்தபோது சாம்பிராணி மணத்தது.

சாவு வீட்டில் எட்டாம் நாள், போனவர் விரும்பிச் சாப்பிட்டதை இலையில் வைத்துப் படைப்பார்கள். மனிசருக்குச் செய்வது. குசினி வாசற்படிக்கு முன்னால், நிலத்தில், தலைவாழையிலை ஒன்று போட்டிருந்தது. குத்துவிளக்கு வைக்கவில்லை, அந்த அளவுக்கு ஊர் பொறுக்காது. ஒரு சின்னச் சிட்டி விளக்கு மட்டும். குசினிக் கதவு அரைவாசி சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது.

அவன் இலைக்கு முன்னால் குந்தினான். பொரித்த திரளி மீன், முழுசாக, தலையோடு. சரி, அது போடியாரின் பங்கு. அடுத்தது இறால் போட்ட முருங்கைக்காய் ஆணம். போடியார் முருங்கைக்காயை முகர்ந்தும் பார்த்தவரல்ல. அதற்குப் பக்கத்தில் எருமைத் தயிரும் சர்க்கரையும். பொரித்த மோர் மிளகாய் நாலு. போடியாருக்கு மோர் மிளகாயா? ஒரு மூக்குப்பேணியில் கொத்தமல்லி அவித்த தண்ணீர். இலையின் ஓரத்தில், கவனமாக நேராக வைத்த ஒரு சுருட்டு. ஒன்றுதான். ஒன்றரை இல்லை. கொஞ்சம் தள்ளி முக்காலியில் இருந்த றேடியோவை இலைப் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள். அது மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது.

வினாயகமூர்த்தி இலையை இடமிருந்து வலம் ஒரு தடவை வாசித்தான். பிறகு வலமிருந்து இடம். மீன் ஒன்றைத் தவிர அந்த இலையில் இருந்ததெல்லாம் அவனுக்கென்று வைத்தது. ஏழு வருடமாகப் பூனையின் பேரைச் சொல்லி ஒருவர் யாருக்குச் சமைத்தார், யாருக்கு மருந்து கொடுத்தார், யாரைக் கண்டித்தார் என்பது, அடித்தல் திருத்தல் இல்லாமல் அதில் எழுதியிருந்தது.

கண் கலங்கியதற்குச் சாம்பிராணிதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். அவன் சட்டைப் பையில் இருந்து கடிதத்தை எடுத்தான். இலையைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினான். முதல் வரியில் இருந்து, ஓர் இடமும் தாண்டாமல். கந்தோர், வீடு, கல்லடிப் பெரியம்மா, அந்நிய ஆம்பிளை, பாவம், எல்லாம் வாசித்தான். வாசித்து மடித்தான்.

றேடியோவில் பாட்டு முடிந்தது.

"அந்நிய ஆம்பிளை எண்ட இடத்தை இன்னொருக்கா வாசிங்க."

போடியார் என்று தொடங்காமல் வந்த சொல். அவன் திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தான்.

"அத விடுங்க, மாமி."

"விட ஏலாது. எழுதினவ ஆர்?"

"புஸ்பம்தான்."

"வரட்டும் இண்டைக்கு."

கதவு முழுதாகத் திறந்தது. சீதேவி தலைச் சேலையோடு வெளியில் வந்து, இலைக்கு அந்தப் பக்கம், போடியார் படுக்கிற படியில் அமர்ந்தார். ஏழு வருடத்தில் மாமியின் முகத்தை வெளிச்சத்தில் இவ்வளவு கிட்ட அவன் கண்டதில்லை. புஸ்பத்தின் மூக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

"நீங்க போறதெண்டு முடிவெடுத்தா, சொல்லிப் போட்டு எடுக்கப்படாதா?" என்றார், இலையைப் பார்த்துக்கொண்டு.

"நீங்கதானே பெட்டியத் துடைச்சு வைச்சீங்க."

"போறவருக்குப் பெட்டி துடைச்சு வைக்காம? துருப்பிடிச்ச பெட்டியோட அனுப்பினா வாகரையில என்னத்த நினைப்பாங்க? அசனார்தான் சொன்னான், வீடெல்லாம் பாத்தாச்செண்டு."

"நான் அவரிட்ட மீன் எப்படியெண்டுதான் கேட்டன்!"

"மீனா?"

"மீன்தான்."

சீதேவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவனுக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்து அறிகிற பழக்கம் இன்னும் வரவில்லை. சிரிப்புத்தான்.

"போடியார் இருந்திருந்தா இது ஒரு நிமிசக் கதை" என்றார். "புண்ணியவான். அவர் இருந்தபடியாத்தான் நான் இந்த வீட்டில கதைக்கவே கதைச்சன். புஸ்பத்திட தகப்பன் போன பிறகு இந்தக் குசினிக்குள்ள என்ட குரல் எனக்கே மறந்து கிடந்தது. நீங்க வந்து, அவரிட்டச் சொல்ல எனக்கு விசயம் வந்தது."

"எனக்கும்தான், மாமி."

"ஓ. உங்கட வாய் லேசுப்பட்ட வாயா?"

வினாயகமூர்த்தி கடிதத்தைத் திருப்பிச் சட்டைப் பைக்குள் வைத்தான். இதுதான் நேரம் என்று அவனுக்குப் பட்டது. தந்தி என்றால் சொல்லைத் தேடிக் குறைக்கலாம். நேரே ஒரு மனிசரிடம் சொல்ல அவனுக்கு மூன்று சொல்தான் கிடைத்தது.

"மாமி, நீங்களும் வாங்க."

"கல்லடிக்கா?"

"வாகரைக்கு. எங்களோட."

சீதேவி இலைப் பக்கம் குனிந்தார். விளக்குத் திரியை விரலால் தூண்டி, அந்த விரலைத் தலையில் துடைத்தார்.

"வாகரையில மீன் எப்படியெண்டு கேட்டீங்களே. அசனார் என்ன சொன்னவன்?"

"கடல் மீனும் ஆத்து மீனும் ரெண்டும் கிடைக்குமாம்."

"அப்ப சரி" என்றார் அவர். "வெள்ளாமை வெட்டுக்கு நான் இஞ்ச வந்து நிப்பன். வீட்டைப் பூட்டித் திறப்பை மட்டும் அசனார்ட்டக் குடுக்கப்படாது. ஊருக்கே திறந்து காட்டுவான். மறுகா, அசனார் நேத்துக் கொண்டு வந்த மஞ்சள் பூனைக்குஞ்சு... முப்பத்தொண்டாம் நாள் கழிய வந்து கேக்கிறன் எண்டு அவன்ட்டச் சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க, அவன் வாயால வேற ஆரிட்டயும் சொல்ல விடாதீங்க. இப்ப சாப்பிடுங்க. படைச்சதில கையை வையுங்க. மீனை மட்டும் விடுங்க."

மீனைக் கொண்டுபோய்த் தேசிக்காய் மரத்தடியில் வைத்தார்கள். அடக்கம் செய்த இடத்தின் மேல் ஒரு கல் ஏற்கெனவே இருந்தது. அவன் வைக்கவில்லை. கேட்காமலே யாரோ வைத்திருந்தார்கள்.

பொழுதுபட்ட நேரம் புஸ்பம் வந்தாள். பிரயாணத்தில் கசங்கிய சேலை, கையில் பை. படலையைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முன்னறையில் விளக்கு எரிந்தது. அவள் தாய் வாசற்படியில் இருந்துகொண்டு பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். அவள் புருசன் முன்னால் நிலத்தில் குந்தி அதில் பாதியை முறித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் நேருக்கு நேர், ஒருவர் சொல்ல மற்றவர் மறுத்து, முருங்கை மரத்தை வெட்டிவிட்டுப் போவதா விட்டுவிட்டுப் போவதா என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பை கையில் இருந்து விழுந்தது.

"என்ன நடந்தது? ஆர் செத்தது?"

"போடியார்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

புஸ்பம் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குட்டியாக அவரைப் பாவாடையில் போட்டுத் தூக்கி வந்ததே அவள்தான். அழுது முடிய விட்டு, தாய் அவளைக் கூப்பிட்டு, அந்நிய ஆம்பிளை என்று எழுதியதைப் பற்றித் தனியாகக் கொஞ்சம் விசாரித்தார். அது நமக்கு வேண்டாத கதை.

வினாயகமூர்த்தி எழுந்து வெளியே போகப் பார்த்தான். "மகன்" என்று மாமி கூப்பிட்டார். படையலில் இருந்த சுருட்டு அவர் கையில் இருந்தது.

"இந்தாங்க. மரத்தடியில போய்ப் பத்துங்க. இனிப் பழி போட இந்த வீட்டில ஆள் இல்ல, அதை யோசிச்சுப் பத்துங்க."

அவன் தேசிக்காய் மரத்தடியில், கல்லுக்குப் பக்கத்தில் குந்திச் சுருட்டைப் பத்தினான். மீன் வைத்த இடத்தில் முள்ளுக்கூட மிச்சமில்லை. ஊரில் வேறு போடியார்மாரும் இருக்கிறார்கள்தானே. வாவிப் பக்கமிருந்து காற்று வந்து புகையை வீட்டுப் பக்கம் கொண்டுபோயிற்று. அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. ஏழு வருடம் தன் சொல்லையெல்லாம் சுமந்தவர். தான் ஒரு சொல்லும் கேட்காதவர். பெரிதாக ஒன்றும் வரவில்லை.

"போடியார்" என்றான், கல்லைத் தடவி. "எல்லாம் போய்ச் சேர்ந்தது. உபகாரம்."

குசினி யன்னல் திறந்தது.

"மகன்! ஆணம் ஆறுது!"

"கால் கழுவிட்டு வாறன், மாமி" என்றான் அவன். சுருட்டு இன்னும் பாதி இருந்தது. அதை அணைத்துக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனான்.